எண்ணூறு பேர் இருந்தும் நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் எரிந்து போனது எப்படி? (குயின் சார்லட், 1800)

அலைவாய் | ஆகஸ்ட் 3, இரவு 10:12

சுத்தியும் தண்ணி. உள்ள எண்ணூறு ஆளு. அப்படி இருந்தும் 1800 மார்ச் 17 அன்னிக்கு இத்தாலியில லிவோர்னோ பக்கம் பிரிட்டிஷ் கடற்படையோட 100 பீரங்கிக் கப்பல் குயின் சார்லட் எரிஞ்சு போச்சு. 673 பேர் செத்தாங்க. சண்டையும் இல்ல, புயலும் இல்ல. வெடிமருந்து அறையில யாரோ அஜாக்கிரதையா இருந்திருக்கணும், அதுதான் காரணம்னு நினைக்கிறேன். இல்லன்னா அத்தனை பேரும் வாளியில மொண்டு ஊத்தியிருந்தாலே அணைஞ்சிருக்குமே?

தச்சன் | ஆகஸ்ட் 3, இரவு 11:05

வெடிமருந்து இல்லை. தீப்பிடித்தது காலை ஆறு மணியை ஒட்டி. வெடிமருந்து வெடித்தது பதினொரு மணி வாக்கில். மருந்தில்தான் தொடங்கியது என்றால் நடுவில் அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வந்தது?

கப்பலின் தச்சர் ஜான் பேர்ட் உயிர் பிழைத்து, நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆறு மணி இருபது நிமிடம் இருக்கும், உடை மாற்றிக்கொண்டிருந்தபோது 'தீ' என்ற கூச்சல் கேட்டு முன்பக்க ஏணி வழியாக மேலே வந்தார். அதற்குள் நான்கு பொருட்கள் எரிந்துகொண்டிருந்தன: பின்மேடைக்கு அடியில் உள்ள பகுதி முழுவதும், அட்மிரல் அறையின் முன்தடுப்பு, நடுப்பாய்மரத்தின் அடியில் சுற்றிய கித்தான் உறை, படகுகளின் மேல் போர்த்தியிருந்த கித்தான். காரணமாக அவர் சொல்வது: பின்மேடைக்கு அடியில் கிடந்த காய்ந்த புல், சமிக்ஞை பீரங்கிகளுக்காக அங்கே தொட்டியில் வைத்திருந்த எரிதிரியிலிருந்து தீப்பிடித்தது.

இந்த நான்கும் எந்த வரிசையில் பற்றின என்று பார்த்தாலே கப்பல் எப்போது கைவிட்டுப் போனது என்பது தெரிந்துவிடும். நாளை எழுதுகிறேன்.

அலைவாய் | ஆகஸ்ட் 4, காலை 7:30

போர்க்கப்பல்ல புல் எதுக்கு?

பருமல் | ஆகஸ்ட் 4, காலை 8:02

மாட்டுக்கும் ஆட்டுக்கும். அந்தக் காலக் கப்பல்கள் அதிகாரிகளின் உணவுக்கும் நோயாளிகளுக்கும் உயிருள்ள கால்நடையை ஏற்றிக்கொண்டுதான் போகும். அவற்றுக்குத் தீவனம் வேண்டும். நனையாத இடத்தில் போட வேண்டும். பின்மேடைக்கு அடிப்பகுதி மேலே கூரை உள்ள, காற்றோட்டமான, காய்ந்த இடம்.

தச்சன் | ஆகஸ்ட் 4, இரவு 9:15

எரிதிரியைப் பற்றி முதலில். சணல் கயிற்றை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தது. சுடர் இருக்காது, கனன்றுகொண்டே இருக்கும். மணிக்கு நான்கைந்து அங்குலம் எரியும். 1800 வாக்கில் பெரிய பீரங்கிகளுக்குச் சிக்கிமுக்கிப் பொறி வந்துவிட்டது. திரி மாற்று ஏற்பாடாகத்தான் இருந்தது. ஆனால் சமிக்ஞை பீரங்கி எந்த நேரத்திலும் உடனே சுட வேண்டியது. அதனால் ஒரு திரி இரவும் பகலும் கனன்றபடி இருக்கும். அதை வைக்கிற தொட்டி பாதியாக வெட்டிய பீப்பாய், விளிம்பில் வெட்டுகள். திரியை வெட்டில் மாட்டி, கனலும் முனையை உள்பக்கம் தொங்கவிடுவார்கள். அடியில் தண்ணீர் அல்லது மணல். சாம்பல் விழுந்தாலும் அதில் விழும். ஒழுங்காக வைத்தால் ஆபத்தே இல்லாத ஏற்பாடு. வெளியிலிருந்து ஒரு பிடி புல் விளிம்பைத் தாண்டி அந்த முனையில் பட்டால் மட்டும் தொட்டியால் எதுவும் செய்ய முடியாது.

இனி வரிசை. புல் எரிந்தால் சில நிமிடம்தான், ஆனால் சுடர் உயரும். மேலே பின்மேடைத் தளம் கூரையாக இருப்பதால் சுடர் மேலே போக வழியில்லாமல் கூரையடியில் படர்ந்து இரண்டு பக்கம் ஓடுகிறது. பின்னால் அட்மிரல் அறையின் தடுப்பு: மெல்லிய பலகைதான், ஆளிவிதை எண்ணெய்ச் சாயம் பூசியது. சண்டைக்கு முன் கழற்றி வைப்பதற்காகவே மெல்லிசாகச் செய்திருப்பார்கள். முன்னால் திறந்த வெளி. அங்கே நடுப்பாய்மரம், அடியில் தார் பூசிய கித்தான் உறை. அதற்கும் முன்னால், கப்பலின் நடுவெளியில், உதிரி மரங்களின் மேல் அடுக்கிய படகுகள், அவற்றின் மேல் வெயிலில் காய்ந்த கித்தான். இவை எல்லாவற்றுக்கும் நேர் மேலே விரித்த நடுப் பெரும்பாய். அது உடனே பற்றிக்கொண்டது என்கிறார் பேர்ட். பாயைச் சுருட்டி மேலே இழுக்கிற கயிறுகள் பாய்மரத்தின் அடியில்தான் கட்டியிருக்கும். நெருப்பு நிற்கிற இடமும் அதுதான். கிட்டப் போக முடியவில்லை.

அரையடிக்கு மேல் கனமான ஓக் மரம் இன்னும் பற்றவே இல்லை. எரிந்தவை எல்லாம் துணி, கயிறு, சாயம், தார்.

அலைவாய் | ஆகஸ்ட் 4, இரவு 10:20

சரி. வாளி?

தச்சன் | ஆகஸ்ட் 5, காலை 6:50

உயரத்தைப் பாருங்கள். மூன்று பீரங்கித் தளம் உள்ள கப்பல். அடித்தளத்துப் பீரங்கிக் கதவின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஐந்தடி சொச்சம். முன்மேடையின் கைப்பிடிச் சுவரோ 25 அடிக்கு மேல். மேலே நின்று கயிறு கட்டிய வாளியை இறக்கி, நிரப்பி, இழுத்து, கைமாற்றி ஊற்ற ஒரு முறைக்கு இருபது வினாடியாவது ஆகும். வாளி பத்து லிட்டர் என்று வையுங்கள். நாற்பது ஆள் விளிம்பில் வரிசையாக நிற்க முடிந்தால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர். பெரிய தொகைதான். ஆனால் அதில் எரிகிற பாய் மேல் ஒரு சொட்டும் போகாது, பாய் தலைக்கு மேலே இருக்கிறது. வீசுகிற தூரமும் பத்துப் பன்னிரண்டடி.

முன்மேடையில் சுமார் 150 பேர் தண்ணீர் இறைத்துப் பின்பக்கமாக வீசிக்கொண்டிருந்ததை ஒன்பது மணிக்குப் பிறகும் பேர்ட் பார்த்திருக்கிறார். ஆள் பற்றாக்குறை அங்கே இல்லை.

எண்ணூறு பேர் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நெருப்பு நடுவிலும் பின்னாலும் எழுந்ததால் கப்பல் இரண்டாகத் துண்டுபட்டுவிட்டது. கேப்டன் ஆண்ட்ரூ டாட், முதல் லெஃப்டினன்ட் பெயின்பிரிட்ஜ் இருவரும் பின்மேடையில். மற்றவர்கள் முன்னால். நடுவே போக்குவரத்து இல்லை. முன்பக்கம் வேறு அதிகாரி கண்ணில் படவில்லை என்பதால்தான் பேர்ட் லெஃப்டினன்ட் டண்டாஸிடம் போய் ஆள் கேட்டார்.

பருமல் | ஆகஸ்ட் 5, பகல் 1:10

டாட் பின்மேடையில் நின்றபடி தீப்பிடித்த விவரத்தைப் பல பிரதிகள் எழுதி மாலுமிகள் கையில் கொடுத்தார். யார் பிழைத்தாலும் செய்தி அட்மிரல் கீத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. கீத் கரையில் லிவோர்னோவில் இருந்தார். கப்ரையா தீவை உளவு பார்த்து வரக் கப்பலை அனுப்பியவரே அவர்தான். டாட், பெயின்பிரிட்ஜ் இருவரும் இறந்தார்கள்.

அந்தக் கப்பலில் இருந்திருக்க வேண்டிய, பின்னாளில் பேர்பெற்ற கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேன், பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் ஜெனெரோவை மினோர்காவுக்குக் கொண்டு போகும் பொறுப்பில் சில வாரம் முன்னாலேயே இறங்கிவிட்டார். அவருடைய தம்பியும் கூடவே போனார்.

தச்சன் | ஆகஸ்ட் 5, இரவு 10:40

இந்தத் தீயில் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி கீழே நடந்ததுதான். மேலே அணைக்க முடியாது என்று பேர்டுக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் கேட்ட ஆள் அடித்தளத்துக்கு. நெருப்பு கீழே விழுந்து வெடிமருந்து அறையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் இலக்கு. டண்டாஸும் தானே இறங்கினார். அவர்கள் செய்தவை:

அடித்தளத்துப் பீரங்கிக் கதவுகளைத் திறந்தார்கள். ஐந்தடி உயரம்தான் என்பதால் வாளி வேலை இங்கே எளிது. பிறகு தளத்தின் ஓரத்து வடிகால் துளைகளை அடைத்தார்கள். சாதாரணமாகத் தளத்தில் விழுகிற நீர் இந்தத் துளை வழியாகக் கடலுக்குப் போய்விடும். அடைத்தால் தளமே தொட்டியாகிறது. முன், நடு இறங்குவாய்களை மூடிக் கட்டினார்கள். கடல்நீர் உள்ளே விடும் குழாய்களைத் திருப்பினார்கள். நீர் ஏற்றிகளை ஆள் நிற்க முடிந்தவரை ஓட்டினார்கள்.

குழாயும் ஏற்றியும் ஒன்றையொன்று சார்ந்தவை. சங்கிலி ஏற்றி, கப்பலின் அடிவயிற்றில் சேரும் நீரை அடித்தளத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து வெளியே தள்ளுவதற்காகச் செய்தது. நல்ல நிலையில் உள்ள ஒன்று, நான்கு ஆள் சுழற்றினால், நிமிடத்துக்குள் ஏறக்குறைய ஒரு டன் ஏற்றும். அடிவயிறு வறண்டிருந்தால் அதற்கு ஏற்ற ஒன்றுமில்லை. குழாயைத் திறந்து கடலை உள்ளே விட்டால் ஏற்றிக்கு இரை கிடைக்கிறது. மேலே வாளி பிடித்த நாற்பது பேரின் வேலையை இங்கே நான்கு பேர் செய்கிறார்கள். நீர் வேண்டிய இடத்திலேயே கொட்டுகிறது.

எவ்வளவு நீர் தேவைப்படும்? பீரங்கித் தளத்தின் நீளம் 190 அடி, கப்பலின் அகலம் 52 அடி. முன்னும் பின்னும் குறுகுவதைக் கழித்தால் சுமார் 700 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் நிற்க 70 டன். தளம் நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும், ஆகவே ஓரத்தில் முழங்கால் அளவு நின்றாலும் நடுவில் ஈரம் மட்டும்தான். மேலிருந்து தீக்கட்டை விழுகிற இடமோ பெரும்பாலும் நடு, இறங்குவாய்களை ஒட்டி. அங்கே ஆள் நின்று கையால் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இப்படியே ஒன்பது மணி வரை தாக்குப்பிடித்தார்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.

அலைவாய் | ஆகஸ்ட் 6, காலை 7:05

ஒன்பது மணிக்கு என்ன ஆச்சு?

தச்சன் | ஆகஸ்ட் 6, காலை 7:44

பீரங்கி விழுந்தது. அடித்தளத்துக்கு மேல் நடுத்தளம். அதில் 24 ராத்தல் குண்டு போடும் பீரங்கிகள் 28. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை டன் இரும்பு, வண்டியோடு சேர்த்தால் இன்னும் அதிகம். நடுத்தளத்துப் பலகையும் உத்தரமும் எரிந்து மெலிந்ததும் அவை ஒவ்வொன்றாகத் தளத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே நின்றவர்கள் நடுவே வந்து விழுந்தன. பல பீரங்கிகள் அப்படி விழுகிற வரை டண்டாஸும் பேர்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு முன்கோடிப் பீரங்கிக் கதவு வழியாக வெளியே வந்து, பக்கவாட்டில் ஏறி முன்மேடையை அடைந்தார்கள். பேர்ட் இன்னும் ஒரு மணி நேரம் அங்கே வேலை பார்த்துவிட்டு, கப்பலின் முகப்பில் கடல்மேல் நீண்டிருக்கும் மரத்தின் நுனியிலிருந்து குதித்து, வந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கப்பலின் படகுக்கு நீந்தினார்.

பருமல் | ஆகஸ்ட் 6, பகல் 12:30

டண்டாஸ் பிழைத்தார். 1834-ல் பிரிட்டிஷ் கடற்படையின் மிக உயர்ந்த பதவியில் சில மாதம் இருந்தார். 829 பேரில் பிழைத்தவர்கள் 156.

அலைவாய் | ஆகஸ்ட் 6, இரவு 8:55

ஐஞ்சு மணி நேரம் இருந்திருக்கு. கரை பக்கத்துல. ஏன் 156 பேர் மட்டும்? படகுல ஏறிப் போயிருக்கலாமே!

தச்சன் | ஆகஸ்ட் 6, இரவு 11:20

கரை பக்கத்தில் இல்லை. நான்கு லீக், அதாவது ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். மார்ச் மாதத்துக் கடல், குளிர். படகு விஷயம் இன்னும் மோசம்.

பெரிய படகுகள் கப்பலின் நடுவெளியில்தான் அடுக்கியிருக்கும். அவை சில டன் எடை. கையால் தூக்கிக் கடலில் போட முடியாது. முன்பாய்மரத்தின் பருமலிலிருந்தும் (பாயைத் தாங்கும் குறுக்கு மரம்) நடுப்பாய்மரத்தின் பருமலிலிருந்தும் கப்பி மாட்டி, இரண்டு மரத்துக்கும் நடுவே ஓடும் கயிற்றிலும் கப்பி மாட்டி, நான்கு முனையிலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் இழுத்தால்தான் படகு எழும்பும், பிறகு பக்கவாட்டில் நகரும். பயிற்சி உள்ள ஆட்களுக்கே நேரம் எடுக்கும் வேலை. இங்கே நடுப்பாய்மரத்தின் அடி எரிகிறது, பெரும்பாய் எரிகிறது, படகின் போர்வையே எரிகிறது. முதல் பத்து நிமிடத்தில் பருமல் போனது, கப்பி போனது, படகும் போனது. என் கணக்கில் 673 சாவு அந்தப் பத்து நிமிடத்தில் எழுதப்பட்டுவிட்டது. பதினொரு மணி வெடிப்பு அதற்கு முத்திரை வைத்ததோடு சரி.

பருமல் | ஆகஸ்ட் 7, காலை 9:18

கரையிலிருந்து உதவிக்கு வந்த படகுகள் கிட்ட வரத் தயங்கியதையும் சேர்க்க வேண்டும். பீரங்கிகளில் குண்டு ஏற்றியே வைத்திருந்தார்கள், போர்க்கால வழக்கம் அது. குழாய் சூடேறினால் உள்ளே உள்ள மருந்து தானே பற்றும். சுடுவதற்கு ஆள் வேண்டாம். எந்தத் திசைக்கு எப்போது குண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதே குயின் சார்லட் ஐந்து வருடம் முன்னால் இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. 1795 மே 1, இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறை. போயின் என்ற 98 பீரங்கிக் கப்பல் காலை பதினொரு மணி வாக்கில் தீப்பிடித்தது. சூடான பீரங்கிகள் தாமாக வெடித்து, அதன் குண்டு பட்டு குயின் சார்லட்டில் இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவருக்குக் காயம்.

அலைவாய் | ஆகஸ்ட் 7, காலை 9:40

அட! அதே கப்பலா!

பருமல் | ஆகஸ்ட் 7, காலை 10:26

அதேதான். போயினுக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை இரண்டு. அதிகாரிகள் உணவறை அடுப்பின் புகைக்குழாய் தளங்களைத் துளைத்து மேலே போகிறது, அது அட்மிரல் அறையில் இருந்த காகிதங்களைப் பற்றவைத்தது என்பது ஒன்று. மரைன்கள் (கப்பலில் இருக்கும் துப்பாக்கிப் படை வீரர்கள்) மேலே துப்பாக்கிப் பயிற்சி செய்தபோது எரிந்த தோட்டாக் காகிதம் காற்றில் பறந்து பின்பக்கச் சாளரம் வழியாக உள்ளே விழுந்தது என்பது மற்றது. எதுவானாலும் பூட்டிய அறைக்குள் தொடங்கியது. மேல்தளத்தைப் பிளந்துகொண்டு சுடர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் முன்னும் பின்னும் ஒரே தீ.

ஆனால் போயினில் இறந்தவர்கள் பதினொரு பேர் மட்டும். துறை முழுக்கக் கப்பல், கப்பலுக்குக் கப்பல் படகு, எல்லாம் நீரில் இறங்கியே இருந்தன. தன் படகு எரிந்தாலும் பக்கத்துக் கப்பலின் படகு வந்தது. நங்கூர வடம் எரிந்து அறுந்ததும் கப்பல் மிதந்து போய் சவுத்சீ கோட்டைக்கு எதிரே தரைதட்டி, மாலையில் வெடித்தது. அந்த இடத்து மிதவைக்கு இன்றும் போயின் என்றே பெயர்.

தச்சன் | ஆகஸ்ட் 7, இரவு 9:30

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது என்று எழுதியதற்கு இதுவே ஆதாரம்: பக்கத்தில் படகு இருந்தால் பதினொரு சாவு, இல்லாவிட்டால் 673. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு கப்பல்.

ஏற்றிய பீரங்கிகளைப் பற்றி ஒரு கேள்வி எழும், இறக்கிவிட முடியாதா என்று. குண்டையும் மருந்துப் பையையும் திருகுமுனைக் கம்பி விட்டு வாய் வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒரு பீரங்கிக்கு ஐந்தாறு ஆள், பல நிமிடம். நூறு பீரங்கி. புகைக்குள். பீரங்கியின் பின்னால் தீ வைக்கும் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைக்கலாம், அது விரைவு. ஆனால் அதற்கும் அந்தந்தப் பீரங்கியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். துறையில் நிற்கும்போது வேண்டுமென்றே சுட்டுக் காலி செய்யவும் வழியில்லை, சுற்றிலும் சொந்தக் கப்பல்கள்.

அலைவாய் | ஆகஸ்ட் 8, காலை 7:12

வேற ஒரு யோசனை. அடித்தளக் கதவு ஐந்தடி உயரத்துலதானே. மொத்தமா தண்ணிய உள்ள விட்டு கப்பலைத் தாழ்த்திட்டா? பாதி முங்கினா பாதி நெருப்பு போயிடும்.

தச்சன் | ஆகஸ்ட் 8, காலை 8:25

அகலமான தளத்தில் தளும்புகிற நீர் கப்பலை நிமிர விடாது. கப்பல் சிறிது சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும், சாய்வு கூடும், இன்னும் ஓடும். கதவு விளிம்பு கடல் மட்டத்துக்கு வந்தால் அதோடு கதை முடிந்தது. 1782-ல் இதே ஸ்பிட்ஹெட்டில் ராயல் ஜார்ஜ் பழுதுபார்க்கச் சாய்த்து வைத்திருந்தபோது அடித்தளக் கதவு வழியாக நீர் புகுந்து கவிழ்ந்தது. ஏறக்குறைய 900 பேர் இறந்தார்கள். பதினெட்டு வருடம்தான் ஆகியிருந்தது, கடற்படையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேர்ட் சில அங்குல நீரோடு நின்றது சரியான அளவு.

பருமல் | ஆகஸ்ட் 8, பகல் 2:40

நீங்கள் சொன்ன யோசனை கிட்டத்தட்ட நடந்த கப்பல் பிரின்ஸ் ஜார்ஜ், 1758 ஏப்ரல் 13, அட்மிரல் பிராட்ரிக்கின் கப்பல், ஜிப்ரால்டர் போகும் வழியில். பகல் ஒன்றரை மணிக்கு முன்பக்கச் சாமான் அறையில், கயிறும் தாரும் அடைத்த இடத்தில், தீ. வெடிமருந்தை நனைத்தார்கள், நீரை உள்ளே விட்டார்கள். மாலை ஆறு மணி வாக்கில் கப்பல் கவிழ்ந்தது, நெருப்பு அணைந்தது, கப்பலும் போனது. 745 பேரில் 485 பேர் இறப்பு. கூட வந்த வணிகக் கப்பல்கள் பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் பயந்து எட்டவே நின்றன.

நீர் விடுவதால் பயனே இல்லை என்றும் ஆகாது. 1825 மார்ச் 1, பிஸ்கே வளைகுடாவில் கிழக்கிந்தியக் கப்பல் கென்ட், இந்தியாவுக்குப் பட்டாளம் ஏற்றிப் போனது. புயலில் சாராயப் பீப்பாய்களைப் பார்க்க விளக்கோடு இறங்கிய இடத்தில் தீ. கேப்டன் கீழ்க்கதவுகளைத் திறந்து நீரை விட்டார். வெடிப்பு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத்தான். அதற்குள் கேம்ப்ரியா என்ற சிறு கப்பல் 547 பேரை ஏற்றிக்கொண்டது. கென்ட்டின் படகுகள் எரியாமல் இருந்தன, அங்கேதான் வித்தியாசம்.

தச்சன் | ஆகஸ்ட் 9, இரவு 10:05

வெடிமருந்து அறைதான் குற்றவாளி என்ற எண்ணத்தை முழுக்கத் துடைக்க வேண்டும் என்பதால் அதன் அமைப்பு. நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் அடியில். உள்ளே விளக்கே கொண்டு போகக் கூடாது: பக்கத்தில் தனி அறை, அதற்குத் தனி வழி, அங்கே விளக்கு, நடுவே கண்ணாடிச் சாளரம். ஒளி மட்டும் உள்ளே வரும். பீப்பாய்க்குச் செப்பு வளையம், ஆணியும் செம்பு. இரும்பு பொறி தட்டும். உள்ளே போகிறவன் காலணி கழற்றி மெத்துச் செருப்பு போட வேண்டும். வாசலில் நனைத்த கம்பளித் திரை, மருந்துப் பை அதில் உள்ள துளை வழியாகத்தான் வெளியே வரும். கப்பலில் இதைவிடக் கவனமாக நடத்தப்பட்ட இடம் கிடையாது.

மருந்தே முதலில் பற்றிய கப்பல் எப்படி இருக்கும் என்பதற்கு ஆம்ஃபியான், 1796 செப்டம்பர் 22, பிளிமத். துறையில் நின்ற கப்பல், மாலை நான்கு மணி, பார்க்க வந்த குடும்பத்தாரும் உள்ளே. முன்பக்க மருந்தறை அருகே சிந்திய தூள் பற்றியது என்று கருதினார்கள். பீரங்கிப் பொறுப்பாளர் மருந்து திருடிக்கொண்டிருந்தார் என்ற சந்தேகமும் உண்டு. ஒரே கணம். 312 பேரில் சுமார் 300 பேர் போய்விட்டார்கள். வாளி எடுக்கவும் நேரமில்லை, கூச்சலிடவும் நேரமில்லை. குயின் சார்லட்டை இந்த வகையில் சேர்க்கவே முடியாது.

அலைவாய் | ஆகஸ்ட் 10, காலை 6:58

அப்ப உண்மையில பயப்பட வேண்டிய இடம் எது? புல் கிடந்த இடமா, சாமான் அறையா?

தச்சன் | ஆகஸ்ட் 10, காலை 7:50

ஆள் அதிகம் போகாத, ஆனால் யாராவது விளக்கோடு போகிற இடம். ரொட்டி அறை, சாமான் அறை, சாராய அறை. சட்டம் கடுமையாகவே இருந்தது: இரவில் குறித்த நேரத்துக்கு விளக்கணைப்பு, சமையலடுப்பு அருகே மட்டும் புகைபிடித்தல், கூண்டு விளக்கு இல்லாமல் மெழுகுவர்த்தி கூடாது, சாராயத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பீப்பாயிலிருந்து இறக்க வேண்டும். மீறுவது ஒரு ஆள், ஐந்து நிமிடம்.

அஜாக்ஸ், 1807 பிப்ரவரி 14, துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணை வாசலில், தெனதோஸ் தீவருகே. 74 பீரங்கி. இரவு ஒன்பது மணி, கேப்டன் ஹென்றி பிளாக்வுட் அப்போதுதான் படுத்தார். பின்பக்க ரொட்டி அறைப் பக்கம் தீ. அங்கே சுடரை விட முதலில் வந்தது புகை. கீழ்த்தளங்களில் வாளியோடு நின்றவர்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். மேல்தளத்தில்கூட சில நிமிடங்களில் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடிந்தது. சிறு படகு ஒன்று இறங்கியது, பெரிய படகுகளைத் தூக்க முடியவில்லை. சுமார் 250 பேர் இறந்தார்கள். எரிந்தபடியே கப்பல் மிதந்து தீவில் தட்டி விடியற்காலை வெடித்தது.

பருமல் | ஆகஸ்ட் 10, பகல் 11:15

அஜாக்ஸில் படகு எரியவே இல்லை, கவனியுங்கள். கப்பியும் பருமலும் முழுசாக இருந்தன. புகையில் நான்கு முனை ஆட்களையும் ஒன்று சேர்க்க முடியாததால் தூக்க முடியவில்லை. படகு நடுவில் கட்டியிருக்கும் வரை, தீ எங்கே பற்றினாலும் ஏதோ ஒரு வழியில் அது பயன்படாமல் போகிறது. இந்தக் காலகட்டத்தில் கப்பலின் ஓரத்தில் வளைகரம் வைத்துத் தொங்கவிடும் படகுகள் பரவியது நல்ல மாற்றம். இரண்டு கயிற்றை விட்டால் இறங்கிவிடும். ஆனால் அப்படித் தொங்கியவை சிறிய படகுகள். எண்ணூறு பேருக்குக் காணாது.

அலைவாய் | ஆகஸ்ட் 11, இரவு 9:22

கடைசியா ஒண்ணு. ஓக் மரத்துக்குப் பதிலா நம்ம தேக்குல கட்டின கப்பல்னா தாங்கியிருக்குமா? பம்பாயில நிறைய கட்டினாங்களே.

தச்சன் | ஆகஸ்ட் 12, காலை 7:35

தேக்கு அழுகல் தாங்கும், புழு தாங்கும், ஆணி துருப்பிடிக்காமல் வைக்கும். 1817-ல் பம்பாயில் இறக்கிய டிரிங்கோமாலி இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. தீ வேறு விஷயம். வாடியா குடும்பத்தார் நடத்திய அதே துறையில் மலபார் தேக்கில் கட்டி 1828-ல் இறக்கிய பாம்பே என்ற 84 பீரங்கிக் கப்பலுக்குப் பிறகு நீராவி இயந்திரமும் வைத்தார்கள். 1864 டிசம்பரில், தென் அமெரிக்காவின் மொன்டெவிடேயோவுக்கு வெளியே, பீரங்கிப் பயிற்சி முடிந்த பிற்பகலில் பின்பக்கச் சரக்கறையில் தீ. இரவுக்குள் வெடித்துப் போனது. கட்டைக்குக் கட்டை பார்த்தால் கனமான தேக்கு மெதுவாகத்தான் எரியும், ஓக்கும் அப்படித்தான். ஆனால் முதலில் பற்றுகிற கித்தானும் தார்க்கயிறும் எண்ணெய்ச் சாயமும் இரண்டு கப்பலிலும் ஒன்றே.

பருமல் | ஆகஸ்ட் 12, காலை 8:10

பாம்பேயில் இறந்தவர்கள் 93. அதில் 34 பேர் மரைன்கள்.